எலைட் டேஞ்சரஸில் கடத்தல்காரராகப் பத்தாண்டுகள்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கலக் கணினி விளையாட்டை விளையாடுகிறவர்களில் பலர் காலத்துக்கேற்பத் தொழிலை மாற்றிக்கொள்வார்கள். இன்று சுரங்கத்தில் வருவாய் அதிகம் என்றால் சுரங்கத்துக்கும், நாளை பயணிகளை ஏற்றினால் லாபம் என்றால் அதற்கும் போவார்கள். நான் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்ததிலிருந்து ஒரே தொழிலில் இருக்கிறேன். தடைசெய்யப்பட்ட சரக்கை ஏற்றிக்கொண்டு, காவல் கலங்களின் கண்ணில் படாமல் நிலையத்துக்குள் நுழைந்து, கள்ளச்சந்தையில் விற்றுவிட்டு வெளியேறுவதுதான் அந்தத் தொழில். இடையில் சில மாதங்கள் விளையாடாமல் விட்டதுண்டு. திரும்பி வந்தபோதெல்லாம் அதே கப்பலுக்கும் அதே வேலைக்கும்தான் திரும்பினேன். இன்று புதிதாகச் சேர்கிறவர்களிடம், கடத்தலில் காசு இல்லை, வேறு வேலை பாருங்கள் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். காசைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஒரு குண்டுகூடச் சுடாமல், கப்பல் ஓட்டும் திறமையை முழுமையாகக் கேட்கும் வேலை இந்த விளையாட்டில் இதைப்போல் வேறொன்றில்லை என்பது பத்தாண்டுக்குப் பிறகும் மாறாத என் கருத்து.

கடத்தல் இந்தத் தொடரில் பிற்பாடு சேர்க்கப்பட்டதன்று. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய முதல் எலைட்டிலேயே போதைப்பொருள், அடிமைகள், துப்பாக்கிகள் ஆகிய மூன்றும் தடைசெய்யப்பட்ட சரக்குகளாக இருந்தன. 2014 டிசம்பரில் வெளிவந்த எலைட் டேஞ்சரஸ் அதை இன்னும் விரிவாக்கியது. நம் பால்வீதியையே அளவு குறைக்காமல், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் மண்டலங்களுடன் அது உருவாக்கி வைத்திருக்கிறது. அதில் மனிதர்கள் வாழும் பகுதி சூரியனைச் சுற்றியுள்ள ஒரு சிறு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் எந்தச் சரக்கு சட்டவிரோதம் என்பதைச் சரக்கின் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை, நிலையத்தை ஆள்வது யார் என்பதும் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் வெளிப்படையாக விற்கும் பொருளை அடுத்த மண்டலத்தில் மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சட்டமே இல்லாத அராஜக மண்டலங்களில் எதையும் யாரும் கேட்பதில்லை. ஆட்சியும் நிலையாக இருப்பதில்லை. குழுக்களுக்கிடையே செல்வாக்கு ஏறி இறங்கி, நிலையங்கள் கைமாறும். ஒருமுறை நான் பலநாள் பழகிய ஒரு நிலையத்துக்கு வழக்கம்போல் சரக்கைக் கொண்டுபோனேன். முந்தைய வாரம் அங்கே அது தடையற்ற சரக்கு. நான் இல்லாத நாள்களில் ஆட்சி மாறியிருந்ததைக் கவனிக்காமல் நிதானமாக உள்ளே நுழைந்து அபராதம் கட்டினேன். அன்றிலிருந்து, புறப்படும் முன் சேரும் இடத்தை ஆள்வது யார் என்று மண்டல வரைபடத்தில் பார்க்காமல் கப்பலைக் கிளப்புவதில்லை.

என் கப்பல் கோப்ரா மார்க் 3. விலை, விளையாட்டின் நாணயத்தில், சுமார் 3,50,000 கிரெடிட். இன்றைய கணக்கில் இது மிகச் சிறிய தொகை. கவசக் கருவிக்கும், விண்மீனிலிருந்து எரிபொருளை அள்ளும் ஸ்கூப்புக்கும் பெரிய அறைகள் இரண்டை ஒதுக்கினால் சரக்குக்கு ஏறத்தாழ 28 டன் இடம் மிஞ்சும். பைத்தான் என்ற இன்னும் பெரிய கப்பலை வாங்கினால் இதைப்போல் பல மடங்கு ஏற்றலாம், அதற்கான பணமும் என்னிடம் எப்போதோ சேர்ந்துவிட்டது. இருந்தும் கோப்ராவை விடாததற்குக் காரணம் அதன் வேகமும் உருவமும்தான். பூஸ்ட் கொடுத்தால் விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாயும். தட்டையான உடல் என்பதால் நிலையத்தின் வாயில் பக்கத்தில் இன்னொரு கப்பல் நின்றாலும் நுழைய இடம் கிடைக்கும். என் பாத்திரத்துக்கு நானே வைத்துக்கொண்ட விதிகளில் முதலாவது, கப்பலில் ஆயுதம் இருக்கக் கூடாது என்பது. சூப்பர்குரூஸ் என்ற அதிவேகப் பயணத்திலிருந்து யாராவது இழுத்து நிறுத்தினால் எதிர்த்துச் சுடுவதற்கு வழியில்லை. உடனே வேகத்தைச் சுழியத்துக்குக் குறைத்து இணங்கிவிடுவேன். அப்படி இணங்கினால் தாவல் இயந்திரம் விரைவில் மீண்டும் தயாராகிவிடும். பிறகு பக்கத்து விண்மீனுக்குத் தாவித் தப்பிப்பேன். சண்டை என்ற வழியை அடைத்த பிறகு ஒவ்வொரு பயணத்தையும் முன்கூட்டியே யோசித்துத் திட்டமிட வேண்டியதாயிற்று.

கடத்தலின் உயிர்நாடி வெப்பம். மற்றக் கப்பல்கள் நம்மைக் காண்பது நம் கப்பல் வெளியேற்றும் வெப்பத்தைக் கொண்டுதான். சைலன்ட் ரன்னிங் என்ற நிலைக்குப் போனால் (விசைப்பலகையில் வழக்கமாக டெலிட் விசை) வெப்பம் வெளியேறும் துவாரங்கள் மூடிக்கொள்ளும், காவல் கலங்களின் கருவிகளில் நம் கப்பல் மங்கி மறையும். அதற்கு ஈடாகக் கவசம் இறங்கிவிடும், உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அளவு 100 விழுக்காட்டைத் தாண்டியதும் கருவிகள் கெடத் தொடங்கும். ஓட்டுநர் அறையில் பொறி பறக்கும். துவாரங்களைத் திறக்காமல் அந்த வெப்பத்தை வெளியேற்ற இருக்கும் ஒரே வழி ஹீட் சிங்க். சேர்ந்த வெப்பத்தையெல்லாம் ஒரு கட்டியில் ஏற்றி வெளியே எறிந்துவிடும் கருவி அது. எறிந்த மறுகணமே கப்பல் குளிர்ந்து, முன்கண்ணாடியின் ஓரங்களிலிருந்து உறைபனி படரும். பனி படரும் அந்த மெல்லிய ஒலிக்காகவே இந்த விளையாட்டைத் தலையணியில் கேட்டபடி விளையாடுகிறேன். ஆனால் கட்டிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, கோப்ராவில் அந்தக் கருவியைப் பொருத்த இருப்பவை இரண்டே இடங்கள். எங்கே செலவழிப்பது என்பதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும்.

நிலையத்தை எப்படி அணுகுவது என்பதை நான் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. பெரிய நிலையங்களின் நுழைவாயில் தபால் பெட்டியின் வாயைப் போல நீண்டு குறுகியது. நிலையம் எந்தக் கோளைச் சுற்றுகிறதோ அந்தக் கோளைப் பார்த்தே அது இருக்கும். எனவே கோளுக்கும் நிலையத்துக்கும் நடுவிலிருந்து அணுகினால், சூப்பர்குரூஸிலிருந்து வெளியே வந்ததும் வாயில் நேர் எதிரே இருக்கும். பின்பக்கமாக வந்து இறங்குகிறவர் நிலையத்தை வட்டமடித்துத்தான் முன்னால் வரவேண்டும், அந்த வட்டத்திலேயே காவல் கலம் ஒன்று அவரை முழுமையாக ஸ்கேன் செய்து முடித்துவிடும். நேர்கோடு அமைந்த பிறகு ஒரு பூஸ்ட் கொடுத்து, 7.5 கிலோமீட்டருக்குள் வந்ததும் இறங்க அனுமதி கேட்பேன். இறங்குதளத்தின் எண் கிடைத்தவுடன் சைலன்ட் ரன்னிங்குக்குப் போய், கப்பலைத் தானாக நிலைப்படுத்தும் பறப்பு உதவியை அணைத்துவிட்டு, சேர்ந்த வேகத்தில் அப்படியே மிதந்து போவேன். உந்துகலன்கள் ஓயும்போது வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். பச்சை விளக்குகள் வலப்பக்கம் வருமாறு கப்பலை நிலையத்தின் சுழற்சியோடு சேர்த்துச் சுழற்றி, வாயில் அருகே வந்ததும் உதவியை மீண்டும் போட்டு வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்துவிடுவேன். உள்ளே போனதும் வெளியே நிற்கும் காவல் கலத்தின் பார்வைக்கோடு அறுந்துவிடும். ஸ்கேன் பாதியில் நின்றால் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அனுமதி கேட்டதிலிருந்து இதுவரைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. எத்தனை முறை செய்தாலும் அந்த அரை நிமிடத்தில் என் உள்ளங்கை வியர்க்கிறது.

இவ்வளவு பழகிய பிறகும் தவறியதுண்டு. ஒருநாள் இரவு, எல்லாம் சரியாக அமைந்து வாயிலை நெருங்கியபோது, உள்ளிருந்து டைப்-9 என்ற மாபெரும் சரக்குக் கப்பல் வெளியே வந்தது. வாயிலின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அது ஊர்ந்து வந்தது. மோதினால் கவசம் இல்லாத என் கப்பல் தாங்காது. விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல் போய் மோதினால் பழியும் என் மேல்தான். நின்றேன். வெப்பம் 70, 85, 95 என்று ஏறியது. இரண்டு ஹீட் சிங்குகளிலும் இருந்த கட்டிகளை வழியில் ஒரு விண்கொள்ளையரிடமிருந்து தப்பும்போதே செலவழித்திருந்தேன். 110-ஐத் தாண்டியபோது துவாரங்களைத் திறந்தேன். திறந்த சில விநாடிகளில் என் கப்பலின் குரல் ஸ்கேன் நடப்பதாக அறிவித்தது. அபராதத்தோடு அந்த ஒப்பந்தமும் போயிற்று. கடைசிக் கட்டியை வாயிலுக்காகவே ஒதுக்கி வைக்கும் பழக்கம் அன்று ஏற்பட்டது. பின்னர் நிலையப் பயணங்களில் அதை ஒருபோதும் மீறவில்லை.

2015-இன் இறுதியில் கடத்தல்காரர்கள் எல்லோரும் பேசிக்கொண்ட ஒரே பெயர் ரோபிகோ. மக்கள் வாழும் பகுதியிலிருந்து வெகுதொலைவில் தனித்துக் கிடக்கும் மண்டலம் அது. ரோபிகோ மைன்ஸ் என்ற சிறு நிலையத்தில் நெடுந்தூரக் கடத்தல் ஒப்பந்தங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒரே நேரத்தில் பலவற்றை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் உள்நோக்கிப் பயணம் செய்து, ஒவ்வொன்றாக இறக்குவோம். எரிபொருள் தரும் விண்மீன் வகைகளைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுத்து, விண்மீனை உரசியபடி ஸ்கூப்பில் நிரப்பி, அடுத்த தாவலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு போன அந்த நீண்ட இரவுகள்தான் என்னை இந்த விளையாட்டோடு பிணைத்தன. எல்லோரும் செல்வர்களாகிவிட்ட அந்தக் காலம் நீடிக்கவில்லை. பின்னர் வந்த மாற்றங்களில் ஊதியம் வெகுவாகக் குறைந்தது. 2016 அக்டோபரில் பயணிகள் ஒப்பந்தங்கள் வந்தபின் அதே ரோபிகோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஊராக மறுபடியும் புகழ்பெற்றது. எனக்கு அந்த ஊர் இன்றும் பழைய ஊர்தான். ஆண்டுக்கொருமுறையாவது வெறுங்கப்பலோடு போய் இறங்கிவிட்டு வருவேன்.

என் பாத்திரத்தின் இரண்டாவது விதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் சந்தைப் பட்டியலில் அடிமைகளும் ஒரு சரக்கு. விளையாட்டின் வல்லரசுகளில் ஒன்றான பேரரசின் பகுதிகளில் இம்பீரியல் அடிமைகள் என்ற பெயரில் அவர்களைச் சட்டப்படியே வாங்கலாம். எல்லை தாண்டினால் கடத்தல். தேயிலையையும் தாமிரத்தையும் அளப்பதுபோல் அவர்களையும் டன்னில் அளக்கிறது பட்டியல். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை அந்தச் சரக்கை ஏற்றினேன். லாபமும் கிடைத்தது. ஆனால் திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது, அறையில் வேறு யாரும் இல்லாதபோதும், எனக்குக் கூச்சமாக இருந்தது. கற்பனைக் கதையில் இதற்கெல்லாம் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. பாத்திரம் என்று ஒன்றை ஏற்று நடிக்கும்போது, அது எதைச் செய்யாது என்பதுதான் அதற்கு முகம் கொடுக்கிறது. என் கடத்தல்காரர் மதுவைக் கொண்டுபோவார், புகையிலையைக் கொண்டுபோவார், கூலி எவ்வளவு உயர்ந்தாலும் மனிதரைக் கொண்டுபோக மாட்டார். அந்த மறுப்பால் கைவிட்ட ஒப்பந்தங்கள் எத்தனையோ. அவற்றுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

குறைகளும் உண்டு. ஊதியத்துக்கும் ஆபத்துக்கும் பொருத்தமில்லை. சட்டப்படி நடக்கும் சாதாரண வணிகமே பல மடங்கு ஈட்டித் தருகிறது. வணிகத்துக்கும் போருக்கும் தேடலுக்கும் தனித்தனித் தகுதிநிலைகள் இருக்க, கடத்தலுக்கென்று ஒன்று இல்லை. சிறு புறநிலையங்களில் வாயிலே கிடையாது, திறந்த தளத்தில் இறங்க வேண்டியதுதான் என்பதால் அங்கே இந்தக் கலைக்கு வேலையும் குறைவு. பிடிபட்டால் அபராதத்தைக் கட்டியதும் விவகாரம் முடிந்துவிடுகிறது. என்னைத் தேடி வரும் ஒரு சுங்க அதிகாரி, என்னை நினைவில் வைத்திருக்கும் ஒரு கள்ளச்சந்தைக்காரர் என்று யாராவது இருந்திருந்தால் இந்த வாழ்க்கைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும். கள்ளச்சந்தையை மதிக்கும் ஓரிடம் உண்டு: கப்பல் கருவிகளை மேம்படுத்தித் தரும் பொறியாளர்களில் த டுவெல்லர் என்பவர், ஐந்து கள்ளச்சந்தைகளில் வணிகம் செய்தவரைத்தான் அழைப்பார். அந்த அழைப்பு எனக்கு வந்தபோது, என் தொழிலை இந்த உலகம் கணக்கில் எடுத்துக்கொண்டதாகவே உணர்ந்தேன். பொறியாளர்கள் வந்தது கடத்தல்காரர்களுக்கு வேறு வகையிலும் நல்லதாயிற்று. மின்னுலையின் வெப்பத்தைக் குறைக்கும் மாற்றத்தைச் செய்துகொண்ட பிறகு சைலன்ட் ரன்னிங்கில் எனக்குக் கிடைக்கும் நேரம் கண்கூடாகக் கூடியது.

தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் விலை குறைந்த சரக்கில் நாலைந்து டன் மட்டும் ஏற்றுங்கள். பிடிபட்டாலும் இழப்பு தெரியாது. முதல் சில நாள்கள் சரக்கே இல்லாமல், கோளின் பக்கத்திலிருந்து நேர்கோட்டில் வந்து, உதவியை அணைத்துவிட்டு வாயிலுக்குள் மிதந்து நுழைவதை மட்டும் பழகுங்கள். குற்றப் பின்னணியுள்ள பயணிகளை ஏற்றும் ஒப்பந்தங்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்யப்படுவதை அவர்கள் பொறுக்கமாட்டார்கள், அதனால் சரக்குக்குச் செய்யும் அத்தனை கவனமும் அவர்களுக்கும் தேவைப்படும், கூலியும் சற்றுக் கூடுதல். நான் இப்போது பேரரசின் எல்லையோரம் ஒரு நிலையத்தில் கோப்ராவை நிறுத்தி வைத்திருக்கிறேன். அறையில் 28 டன் புகையிலை இருக்கிறது, இரண்டு ஹீட் சிங்குகளும் நிரம்பியிருக்கின்றன, சேரும் இடத்தை ஆள்வது யார் என்று இன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டேன். இரவு புறப்படுகிறேன்.