எட்டு வருசமாக எங்கள் வீட்டில் ஒரு எலி

2016 மார்கழி லீவுக்கு லண்டனிலிருந்து வந்த தங்கச்சி, சொக்லேட் பைக்குள் ஒரு டிவிடிப் பெட்டியையும் வைத்துக் கொண்டு வந்தாள். ‘அக்கா, இதைப் போட்டு விடுங்கோ. பிள்ளையளுக்கு வரலாறு தன்ரபாட்டில வரும்’ என்றாள். மகனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்கு ஐந்து. இப்போது மகன் சாதாரண தரச் சோதனை எழுதி முடித்துவிட்டான். வரலாறு தன்பாட்டில் வரவில்லை. ரியூசனுக்குப் போய்த்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பெட்டி இன்றைக்கும் வீட்டில் பேச்சில் இருக்கிறது. அது ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தது ‘ஹொரிபிள் ஹிஸ்டரீஸ்’. டெரி டியரி என்பவர் 1993 முதல் எழுதிவந்த சிறுவர் நூல் வரிசையை வைத்து, பிபிசியின் சிறுவர் அலைவரிசை எடுத்த நிகழ்ச்சி. 2009 முதல் 2013 வரை ஐந்து தொடர்கள். இரண்டு, மூன்று நிமிடத் துண்டு நாடகங்கள், இடையில் ஒரு பாட்டு, திரும்பவும் துண்டு நாடகம். உரோமரும் வைக்கிங்கும் விக்டோரியா காலத்தவரும் முறை வைத்து வந்து அசிங்கப்பட்டுப் போவார்கள். பெரியவர்களின் நிகழ்ச்சிகளோடு போட்டியிட்டு 2010ஆம் ஆண்டுக்கான பிரித்தானிய நகைச்சுவை விருதை வாங்கியது. பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. சிறுவர் நிகழ்ச்சி என்றால் கண்ணை உருட்டி, குரலை உயர்த்திக் கொஞ்சுவார்களே, அது இதில் மருந்துக்கும் இல்லை.

முதலில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிவிடிகளுக்கு வலயக் கணக்கு உண்டு. பிரித்தானியா 2, இலங்கையில் நாங்கள் 5. வீட்டிலிருந்த பிளேயர் தட்டை விழுங்கி, கொஞ்ச நேரம் முனகி, மாட்டேன் என்று துப்பிவிட்டது. மடிக்கணினியில் போட்டால், வலயத்தை மாற்றட்டுமா, மொத்தம் ஐந்து முறைதான் மாற்றலாம் என்று கேட்டது. கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை. சரி என்று அழுத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கணினி தன் ஆயுள் முடியும்வரை இங்கிலாந்துப் பிரசையாகவே இருந்தது. இப்போது நிகழ்ச்சியின் துண்டுகள் யூடியூபிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆங்கிலப் பேச்சு கடகடவென்று ஓடும். முதல் மாதம் பிள்ளைகளுக்கு அரைவாசி விளங்கவில்லை, எனக்குமே கீழே எழுத்து ஓடாவிட்டால் கஷ்டம். அவர்களைப் பிடித்து வைத்தது வரலாறு அல்ல, திரும்பத் திரும்ப வரும் ஆட்கள். மாமா வீட்டுக்குப் போனால் மாமா எந்தப் பகிடி விடுவார் என்று தெரிந்தும் அதற்காகவே காத்திருப்போமே, அந்த மாதிரி.

முதல் ஆள் எலி. பெயர் ரட்டஸ் ரட்டஸ். கறுப்பெலியின் விஞ்ஞானப் பெயரே அதுதான். ஒவ்வொரு கூத்துக்கும் இடையில் இந்தப் பொம்மை எலி வந்து, நடந்தது உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போகும். சில வேளை நாடகத்துக்கு நடுவிலேயே பலகை தூக்கிக் காட்டும். இதனால் வந்த வினை என்னவென்றால், எங்கள் முகட்டில் ஓடிய எலிக்கும் ரட்டஸ் என்று பெயர் விழுந்தது. இவர், அதாவது என் கணவர், பொறியில் கருவாடு கட்டியபோது மகள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பொறி மூன்று நாள் வெறுமனே கிடந்தது. நாலாம் நாள் கருவாட்டைப் பூனை தின்றது.

அடுத்தவர்தான் எங்கள் வீட்டுக்கு மிகவும் வேண்டியவர்: மரணம். ஆள் மரணமேதான், சைமன் பார்ன்பி என்ற நெட்டை நடிகர். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். செத்தவர்கள் ஒவ்வொருவராக வர வேண்டும், எப்படிச் செத்தாய் என்று கேட்பார். வருகிறவர்கள் எல்லாரும் படு முட்டாள்தனமாகச் செத்தவர்கள், வரலாற்றில் பதிவானவர்கள். அவர்கள் வெட்கத்தோடு சொல்லச் சொல்ல மரணம் விழுந்து விழுந்து சிரிப்பார். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு நாள் கதிரையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டே பார்த்தவர், ‘இவர் சித்திரகுத்தனெல்லோ, ஏன் இவ்வளவு சிரிக்கிறார்?’ என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் சித்திரகுத்தன். கணக்குப் பார்க்கிறவன் எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சாவை வைத்துப் பகிடி விடும் நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற யோசனை எனக்கும் இருந்தது. போர் பார்த்த இந்தத் திருகோணமலையில், என் வயதுக்காரருக்கு, அது லேசான கேள்வி இல்லை. அம்மா சிரித்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

மூன்றாவது ஆள் பொப் ஹேல், செய்தியாளர். லோரன்ஸ் ரிக்கார்ட் நடித்தது. ஒரு பெரிய வரைபடத்துக்கு முன்னால் நின்று, நூறாண்டுப் போரையோ பிரெஞ்சுப் புரட்சியையோ மூச்சு விடாமல் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிப்பார். யார் யாரைக் கொன்றான், யார் மருமகன், யார் மதம் மாறினான் எல்லாம் வரும். 2022 பொருளாதார நெருக்கடியில், பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டி, பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், கணினியில் மிச்சமிருந்த பற்றரியில் மகன் இவரைத்தான் போட்டுப் பார்ப்பான். பற்றரி தீர்ந்ததும் தானே பொப் ஹேல் ஆகிவிடுவான். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பெட்ரோல் ஷெட்டிலிருந்து சந்தி வரைக்கும் கோடு கீறி, ‘பெட்ரோல் வரிசை அறிக்கை’ வாசித்தான். எந்த மாமா எத்தனை மணிக்கு வரிசையில் சேர்ந்தார், ரீ குடிக்கப் போன இடைவெளியில் யார் உள்ளே புகுந்தது, டோக்கன் முடிந்தது என்று அறிவித்தபோது யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அந்த வருசம் இந்த வீட்டில் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த ஒரு இரவுதான்.

பாட்டுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிரபல பாட்டுப் பாணிகளைக் கேலி பண்ணி அரசர்கள் பாடுவார்கள். மத்தியூ பெய்ன்டன் நடித்த இரண்டாம் சார்ள்ஸ் ராப் பாடுவதைப் பார்த்தால் அவன்மேல் யாருக்கும் கோபம் வராது. 1066 முதல் வந்த இங்கிலாந்து அரசர், அரசியர் அத்தனை பேரையும் வரிசையாகச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. மகள் அதை ஏழு வயதில் மனப்பாடம் பண்ணிவிட்டாள். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், கண்டியின் கடைசி அரசன் யார் என்று கேட்டேன். முழித்தாள். 1815இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்தபோது லண்டனில் யார் அரசன் என்பது மட்டும் தெரிந்திருந்தது: மூன்றாம் ஜோர்ஜ். இது நிகழ்ச்சியின் குறை இல்லை, அவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எடுத்தார்கள். ஆனால் இங்கே வைத்துப் பார்க்கிற நாங்கள் கையோடு வேறும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

விக்டோரியா மகாராணியும் வேலையாளும் பாடும் பாட்டு ஒன்று இந்த விசயத்தில் உதவியது. பிரித்தானியப் பொருள் என்று அவர் பெருமைப்படும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று வேலையாள் போட்டு உடைப்பான். தேயிலை இந்தியாவிலிருந்து என்று வந்ததும், ‘அப்ப எங்கட நுவரெலியா?’ என்று மகள் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குள்ள வருத்தம் அதுதான். நான் பார்த்த வரையில் அந்தக் கமரா எங்கள் துறைமுகம் வரை வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு சரக்கு! 1660இல் உடைந்த கப்பலைத் திருத்த அந்தப் பக்கம் கொட்டியாரக்குடாவில் இறங்கிய ஆங்கிலேயக் கப்பற்காரன் ரொபர்ட் நொக்ஸ், கண்டி அரசனின் ஆட்களிடம் மாட்டி, பத்தொன்பது வருசம் கழித்துத்தான் தப்பினான். வாட்டர்லூவில் பெயரெடுத்த வெலிங்டன் பிரபு, அதற்கு வெகு முன்னால் 1800இல் எங்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள் தங்கியிருந்தார். இதையெல்லாம் பொப் ஹேல் கையில் கொடுத்திருந்தால்!

வேறு குறைகள். சமையல் போட்டி, மனைவி மாற்றும் நிகழ்ச்சி என்று பிரித்தானிய ரீவியைக் கேலி பண்ணும் துண்டுகளில் கால்வாசி எங்களுக்கு ஒட்டவில்லை. மலசலகூடப் பகிடி கொஞ்சம் அதிகம். ஆறு வயதில் உருண்டு சிரித்ததைப் பதின்மூன்றில் மகள் தள்ளிவிட்டுப் பார்க்கிறாள். 2015இல் வேறு நடிகர்களோடு திரும்பத் தொடங்கினார்கள். மோசமில்லை, ஆனால் எங்கள் வீட்டில் பிடிக்கவில்லை. மாமாவைக் காணப் போன இடத்தில் வேறு ஆள் கதவு திறந்த மாதிரி. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தலைப்புகள். டெரிபிள் டியூடர்ஸ், விஷியஸ் வைக்கிங்ஸ், ரொட்டன் ரோமன்ஸ். மோனை என்றால் என்ன என்று மகனுக்கு நான் தமிழில் விளங்கப்படுத்தியது இதை வைத்துத்தான்.

எலியின் பலகையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. மேரி சீக்கோல் என்ற ஜமேக்காத் தாதியைப் பற்றிய ஒரு துண்டில், நிறத்தைக் காரணம் காட்டி புளோரன்ஸ் நைட்டிங்கேல் அவரை ஒதுக்கியதாகக் காட்டியிருந்தார்கள். அது துல்லியமில்லை என்று 2014இல் பிபிசியின் மேற்பார்வைச் சபையே சொல்லிவிட்டது. இதை நான் சொன்னபோது மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் பழைய காலுறை ஒன்றில் எலி செய்து, ஈர்க்கில் பலகை கட்டினான். ஒரு பக்கம் ‘உண்மை’, மறு பக்கம் ‘பொய்’.

அந்தக் காலுறை எலிக்கு நல்ல வேலை போன வருசம் கிடைத்தது. ஒரு பின்னேரம் மான்களுக்கு நடுவே கோட்டைக்குள்ளால் நடந்து கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயிலடிக் கடற்பாறையான சுவாமி மலையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத்துத் தூணைக் காட்டி, காதலன் கப்பலேறிப் போக பிரான்சினா என்ற பெண் இங்கேயிருந்து குதித்தாளாம் என்று இவர் கதை சொன்னார். ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. ஒல்லாந்தர் ஆவணங்களோ, அவள் அதற்குப் பிறகும் இருந்து கல்யாணம் கட்டியதாகச் சொல்கின்றன. இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு விறாந்தையில் நாடகம். என் கறுப்புச் சால்வையைப் போர்த்துக்கொண்டு மகள் சித்திரகுத்தன். அம்மாவின் வெள்ளைச் சேலையில் பதினைந்து வயது மகன் பிரான்சினா, மீசை அரும்பிய முகத்தோடு.

‘எப்பிடிச் செத்தனீர்?’

‘சுவாமி மலையில இருந்து குதிச்சு.’

சித்திரகுத்தன் சிரிக்க வாயெடுக்க, கதிரைக்குப் பின்னாலிருந்து இவருடைய கையில் காலுறை எலி எழும்பியது. பலகையில் ‘பொய்’.

‘ஓம், நான் சாகேல்ல. பிறகு கலியாணமும் கட்டினனான்.’

‘அப்ப ஏன் லைனில நிக்கிறீர்?’

‘எல்லாரும் தூணைக் காட்டி நான் செத்திட்டன் எண்டு சொல்லீனம். ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்.’

சித்திரகுத்தன் கணக்குக் கொப்பியைப் புரட்டினார். அடிமட்டத்தால் மேசையில் தட்டினார். ‘அடுத்தது!’ என்று அம்மம்மாவைப் பார்த்தார்.

‘போடி, எனக்கு இன்னும் நேரம் கிடக்கு’ என்று அம்மா பாக்கு வெட்டியை எடுத்தார்.