ரோலண்ட் ஆக்டாபேட் எஸ்பிடி-30: கச்சேரிக்காரனின் பார்வையில்

பிரபல பின்னணிப் பாடகர் ஒருவரின் குழுவில் தாளவாத்தியம் வாசிக்கிறேன். எங்கள் மேடையில் டோலக், தவில் எல்லாம் ஆள் வைத்து வாசிக்கிற காலம் போய்விட்டது. கோலாலம்பூருக்கு விமானத்தில் போகும் குழுவில் எனக்கு ஒரே ஒரு இருக்கைதான். அதனால் தட்டினால் பல வாத்திய ஒலிகள் தரும், எட்டுத் தட்டுகள் (பேடுகள்) உள்ள இந்த மின்னணுப் பெட்டி ஆக்டாபேட்தான் என் பாதி ஆர்கெஸ்ட்ரா.

மெல்லிய அடி மெல்லியதாகவே கேட்கும், ரோல் (வேகமான தொடர் அடி) வாசித்தால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. அமைத்து வைத்த கிட்டுகளை (எட்டுத் தட்டுக்குமான ஒலித் தொகுப்புகளை) யுஎஸ்பி டிரைவில் சேமித்துவிடலாம். இது எனக்குப் பெரிய விஷயம். வெளியூரில் ஏற்பாட்டாளர் வாடகைக்கு எடுத்துத் தரும் இதே மாடல் கருவியில் அதைச் செருகினால் என் ஒலிகள் அப்படியே வந்துவிடும். எங்கள் பாடகர் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துப் பாட்டு வரிசையை மேடையிலேயே மாற்றிவிடுவார், கேட்கவும் முடியாது! அப்போது கிட் மாற்ற ஒரு கால் சுவிட்ச் இருந்தால் கை தப்பிக்கும்.

ஒரு குறை, சொந்தமாகப் பதிவுசெய்த ஒலியை இதில் ஏற்ற முடியாது. பாட்டில் வந்த அதே கைதட்டல்தான் வேண்டும் என்று பாடகர் அடம்பிடித்தால் எஸ்பிடி-எஸ்எக்ஸ் வாங்குங்கள், அது சாம்ப்ளர், அதாவது நம் ஒலியை ஏற்றி வாசிக்கும் கருவி. பேட்டரியும் கிடையாது, அடாப்டர் கட்டாயம். நான் இரண்டு அடாப்டர் வைத்திருக்கிறேன்.

கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா என்று சுற்றுபவருக்கு இதுவே தாராளம். பழையது கிடைத்தால் எட்டுத் தட்டுகளையும் ஓரத்தில் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.