ஒரே நாளில் மாற்றுவதா, ஆறு வாரம் காத்திருப்பதா?

குழித்துறையில் எங்கள் வீட்டு முன்னறையில் 4 வருடமாக ஓடிக்கொண்டிருந்த இரண்டரை அடி உப்புநீர் டேங்கை இந்த வருடம் நாலு அடி டேங்காக மாற்றினேன். உள்ளே இருந்தவை இரண்டு கோமாளி மீன், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் மஷ்ரூம், சோவாந்தஸ், ஒரு லெதர் கோரல் ஆகிய பவளங்கள். இரண்டு வழிகளை யோசித்தேன். கல், மீன், பவளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் புது டேங்குக்குக் கொண்டுபோவது ஒன்று. புது டேங்கில் காய்ந்த கல்லைப் போட்டு ஆறு வாரம் போல ஓடவிட்டு, சைக்கிள், அதாவது அமோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகுவது, முடிந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவது இன்னொன்று. நான் ஒரே நாளில் மாற்றினேன். நாளைக்கே மறுபடி மாற்றச் சொன்னாலும் அப்படித்தான் செய்வேன்.

இரண்டு டேங்கை ஒரே சமயத்தில் ஓடவிட இடம் வேண்டும், கரண்ட் செலவு கூடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது கல்.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. கல்லின் மேலும் அதன் துளைகளிலும்தான் ஒட்டி வாழ்கிறது. பழைய தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினாலும் டேங்க் பழையதாகிவிடாது. பழைய கல் போனால்தான் வேலை நடக்கும். காய்ந்த கல்லில் அந்த பாக்டீரியா பெருகத்தான் அந்த நாலு, ஆறு வாரம். அது பெருகிய பிறகும் கல் வெள்ளையாகவே நிற்கும். பழுப்புப் பாசி ஒரு சுற்று வந்து போகும். என் கல்லில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படிந்து, இண்டு இடுக்கெல்லாம் சின்னப் பூச்சிகள் குடியேற 4 வருடம் ஆகியிருக்கிறது.

நம் ஊரில் அப்படி ஒரு கல்லைக் கடலில் போய் எடுத்து வரவும் முடியாது. அப்படிப்பட்ட கல் பெரும்பாலும் பவளக் கூடுதான்; கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. வலையில் சிக்கி வந்தது, கரையில் ஒதுங்கியது என்று யாராவது நீட்டினாலும் கை வைக்காதீர்கள். என்னுடையது கடையில் வாங்கிய செயற்கைக் கல். என் டேங்கிலேயே பழுத்தது. அதைப் பழைய டேங்கில் விட்டுவிட்டு வெறுங்கல்லோடு புதிதாகத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

மண் விஷயம் நேர் எதிர். பாறசாலையில் இருக்கும் நண்பர் ஒருவர் போனில் முதலில் சொன்னதே இதுதான்: "அண்ணா, பழைய மண்ணை மட்டும் அப்படியே அள்ளிப் போட்டுடாதீங்க." வருடக்கணக்கில் கிளறாத மண்ணின் அடியில் அழுக்கு சேர்ந்திருக்கும். கறுத்துப்போன இடத்தைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனைக் கொல்லும். அவர் அப்படித்தான் ஒரே ராத்திரியில் மூன்று மீனை இழந்தார். நான் புது மண்ணை நன்றாக அலசிப் போட்டேன். பழைய மண்ணில் மேலாக ஒரு கப் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரை முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து, தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்ப் போட்டு ஓடவிட்டிருந்தேன். 180 லிட்டருக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ உப்பு. "தேங்காப்பட்டணம் பக்கத்துலதானே இருக்கு, கடல் தண்ணியே எடுத்தா என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். அங்கேதான் நம் தாமிரபரணி (திருநெல்வேலி ஆறு அல்ல, குழித்துறை ஆறு) கடலில் சேர்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கத்துத் தண்ணீரின் உப்பளவை நம்ப முடியாது. பழைய டேங்கிலும் புதியதிலும் அடர்த்தி 1.025 என்று உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துச் சமன் செய்தேன். வெப்பமும் ஒன்றாக இருந்ததால் மீனைச் சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை. இறாலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்தேன். உப்பளவு சற்று மாறினாலும் அது தாங்காது.

காலையில் பவளங்களை ஒரு டப்பில் எடுத்தேன். சோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. கல்லைப் பழைய தண்ணீரிலேயே மூழ்க வைத்திருந்தேன். காய விட்டால் இத்தனை பாடும் வீண். கடைசியில்தான் மீன். கல் இல்லாத டேங்கில் வலையைப் போட்டதும் வந்துவிட்டன. சாயங்காலம் அமோனியா பூஜ்யம், மறுநாள் 0.25, மூன்றாம் நாள் மறுபடி பூஜ்யம். அந்த மூன்று நாளும் தீனியைப் பாதியாகக் குறைத்தேன்.

லெதர் கோரல்தான் என்னைக் கலங்க வைத்தது. பத்து நாளுக்கு மேல் சுருங்கியே கிடந்தது. அப்புறம் மெழுகு மாதிரி மேல்தோலை உரித்துவிட்டு விரிந்தது. புது எல்.ஈ.டி. விளக்கு பழையதைவிடப் பலமானது. பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று வாரத்தில்தான் கூட்டினேன். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் வெளுத்துவிடும்.

ஆறு வார வழிக்கும் இடம் இருக்கிறது. பழைய கல்லில் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோன் பிடித்திருந்தாலோ, மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருந்தாலோ, கல்லோடு அதுவும் கூடவே வந்துவிடும். அப்போது காய்ந்த கல்லில் தொடங்குவதுதான் சரி. நான் அப்படிச் செய்து பார்த்ததில்லை. பாறசாலை நண்பர் தன் இரண்டாவது டேங்கை அப்படித்தான் தொடங்கினார். ஏழாவது வாரம்தான் முதல் மீனை விட்டார், ஒன்றையும் இழக்கவில்லை. நான் மாற்றியது ஒரே அறைக்குள், பத்தடி தூரம். வீடு மாறி திருவனந்தபுரம் வரை கொண்டுபோகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களும் கல்லை ஈரம் போகாமல் கொண்டுபோகட்டும். மண்ணை விட்டுவிட்டுப் போகட்டும்.