மினாக்சிடில் 5% கரைசல்: நிறுத்திய பின் நான் கண்டது

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி, வழுக்கைக்காக ஓராண்டு நாள்தோறும் இருவேளை தடவிய இந்த முடி வளர்ச்சிக் கரைசல், என் உச்சந்தலையில் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால், முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்த இம்மருந்து, தடவும் வரைதான் முடியை வளர்ச்சிப் பருவத்தில் தக்கவைக்கும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விற்பது தவறு. நிறுத்திய மூன்றாம் மாதம் சீப்பிலும் தலையணையிலும் கொத்துக்கொத்தாக முடியைக் கண்டு கலங்கினேன். பெரம்பூரில் தோல் மருத்துவரைப் பார்த்த பிறகே, உதிர்வது பெரும்பாலும் மருந்தால் தங்கியிருந்த முடிதான் என்றும், பரம்பரை வழுக்கை தன் போக்கில் தொடர்கிறது என்றும் தெளிந்தேன். நெடுங்காலம் தொடர முடிந்தவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன். மீண்டும் தொடங்காமல், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். குளிக்கும்போது இருந்த பயம் அன்றே பாதி குறைந்தது.