பத்து வார சீஷத்துவ வகுப்பு, கடலூர்: சேரலாமா?

சீஷத்துவ வகுப்பு, அதாவது இயேசுவின் சீடராக வாழப் பழகும் வகுப்பு என்றாலே கோடிட்ட இடத்தை நிரப்பும் புத்தகம், கடைசி நாளில் சான்றிதழ், குரூப் போட்டோ என்று பல சபைகளில் ஆகிவிட்டது. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு மாலை நடக்கும் இந்த வகுப்பு அந்த ரகம் இல்லை. ஞானஸ்நானம் எடுத்து வருஷக்கணக்கில் ஆகியும் 'நிஜமாகவே இயேசுவின் பின்னால் போகிறேனா' என்ற உறுத்தல் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம்.

குழுவுக்கு எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். ஒரு பாட்டு, சின்ன ஜெபம், பிறகு வேதபகுதியை இரண்டு முறை சத்தமாக வாசிப்பு. அடுத்த ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. நன்றாகப் பேசத் தெரிந்தவர் முந்திக்கொள்வதை இந்த ஐந்து நிமிடம்தான் தடுக்கிறது.

இரண்டாம் வாரம் மாற்கு 1:16-20, மீனவர்களான பேதுரு, யாக்கோபு, யோவான் முதலானவர்களை இயேசு அழைக்கிற பகுதி. வலையை விட்டுவிட்டு உடனே போனார்கள் என்று மட்டும் சொல்லி முடித்தால், படகுக் கடனும் இன்ஜின் கடனும் சுமக்கிற துறைமுகத்துக்காரருக்கு அது குற்ற உணர்ச்சியில்தான் போய் நிற்கும். இங்கே அதோடு யோவான் 1:35-42, லூக்கா 5:1-11 இரண்டையும் சேர்த்து வாசிக்கிறார்கள். பேதுருவுக்கு இயேசு முன்பின் தெரியாதவர் அல்ல என்பது யோவானில் தெரிகிறது. யாக்கோபு, யோவானின் தகப்பன் செபெதேயுவும் தனியாக விடப்படவில்லை. படகில் கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கே எழுதுகிறார். அழைப்பு அவசர முடிவு அல்ல என்பது பிரசங்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

வகுப்பின் உயிர் மூன்றாம் வாரம், லூக்கா 14:25-33. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதுபோல, ஆளுக்கொரு தாள். போன மாதத்து நேரம் ஒரு பத்தியில்: வேலை, தூக்கம், செல்போன், ஜெபம். பணம் அடுத்ததில்: சீட்டு, வட்டி, ஸ்கூல் பீஸ், காணிக்கை. மூன்றாவதில் 'இயேசு கேட்டால் கொடுப்பேனா?', பதில் ஆம், இல்லை, இன்னும் இல்லை. தாளை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. அதனால்தான் உண்மையை எழுத முடிகிறது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' விழுந்திருந்தால் அந்தத் தாளை மறுபடி எழுதுவது நல்லது.

இவ்வளவு பொறுமையாகக் கட்டியதைப் பத்தாம் வாரம் அவர்களே கலைத்துவிடுகிறார்கள். எல்லாரையும் முன்னால் நிறுத்தி அர்ப்பணிப்புக் கார்டில் கையெழுத்து. பக்கத்து ஆள் போடும்போது போடாமல் நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மாற்கு 10-இல், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னதைக் கேட்டு ஐசுவரியவான் துக்கத்தோடு போனபோது இயேசு நிபந்தனையைக் குறைக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. கார்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலே போதும்.

இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சின்ன ஊரில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் வீட்டு விஷயம் தெருவுக்கு வந்துவிடும். சொந்தக்காரர், ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர், கடன் கொடுத்தவர் ஜோடியாக வந்தால் முதல் வாரமே மாற்றிக் கேளுங்கள். பேசுவது இருவருக்குள்ளேயே நிற்கும் என்பதையும் தொடக்கத்திலேயே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

புத்தகம் சுமார். கேள்விக்குக் கீழே இரண்டே வரி இடம் விட்டிருக்கிறார்கள், தனி நோட்டு அவசியம். கத்தோலிக்கர்கள் 1995-இன் திருவிவிலியத்தையே கொண்டுவரலாம், பழைய மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்ற கெடுபிடி இல்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தொடங்கும் குழு வசதி. அக்டோபர் குழு மழையில் மாட்டும். மூன்றாம் வாரம் தவறினால் பின்னால் வருவதில் பாதி பிடிபடாது. சிப்காட் ஷிப்ட் ஆட்கள் அந்த ஒரு ஞாயிறுக்காவது முன்கூட்டியே ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள்.