கரையை விடாமல் 51 கிலோமீட்டர்: மன்ஹாட்டனைச் சுற்றும் ‘கிரேட் சான்ட்டர்’ நடை

மன்ஹாட்டன் தீவை ஒரே பகலில் கால்நடையாகச் சுற்றிவரும் ‘கிரேட் சான்ட்டர்’ என்ற நடையை, ‘ஷோர்வாக்கர்ஸ்’ என்னும் தன்னார்வ அமைப்பு 1985ஆம் ஆண்டு தொடங்கியது. வழக்கமாக மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நடைபெறும் இந்த நடையின் தூரம் 32 மைல், அதாவது ஏறத்தாழ 51 கிலோமீட்டர். முன்பதிவும் கட்டணமும் உண்டு. இது பந்தயம் இல்லை. முதலாவதாக வருபவருக்குப் பரிசும் இல்லை. இரண்டு முறை இதில் கலந்துகொண்டேன். முதல்முறை பாதித் தூரத்தில் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது, இரண்டாம் முறை முழுச் சுற்றும் முடிந்தது. நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வசிக்கும் நண்பர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால், பாதை எப்படி இருக்கிறது, எவருக்கு ஏற்றது, என்ன ஆயத்தம் தேவை என்பவற்றை விரிவாக எழுதுகிறேன்.

இந்த அமைப்பை 1982இல் நிறுவியவர் சை ஆட்லர். ஆற்றங்கரையும் கடற்கரையும் பொதுமக்கள் நடப்பதற்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. அந்த நாள்களில் மன்ஹாட்டனின் மேற்குக் கரை, கைவிடப்பட்ட கப்பல் துறைகளும் துருப்பிடித்த வேலிகளுமாகக் கிடந்தது. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் நியூஜெர்சித் துறைமுகங்களுக்குப் போய்விட்டதால் பழைய துறைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரையோரமாகத் தூண்கள் மேல் ஓடிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி 1973இல் இடிந்தே விழுந்தது. அதற்குப் பதிலாக ஆற்றில் மண்ணைக் கொட்டி நிரப்பி, அந்த நிலத்தினூடே புதிய நெடுஞ்சாலை அமைக்க ‘வெஸ்ட்வே’ என்றொரு பெரும் திட்டம் வந்தது. ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்னும் மீனின் வாழிடத்துக்கு நேரும் பாதிப்பு சரிவர ஆராயப்படவில்லை என்ற காரணத்தால் அது நீதிமன்றத்தில் தடைபட்டு, 1985இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில்தான் இந்த நடை தொடங்கியது. இந்தப் பின்னணி தெரிந்தபிறகு எனக்கு நடையின் பொருளே மாறிவிட்டது. இன்று நாம் சுகமாக நடக்கிற மேற்குக் கரைப் பாதை, அங்கே மனிதர்கள் நடக்க வேண்டும் என்று சிலர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் கிடைத்தது.

நடை தொடங்கும் இடம் தீவின் தென்முனையருகே பேர்ல் தெருவில் உள்ள ‘ஃபிரான்ஸஸ் டாவர்ன்’. 1783 டிசம்பர் 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் படை அதிகாரிகளிடம் விடைபெற்றது இங்கேதான். அங்கிருந்து மேற்கே திரும்பி, ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கே சென்று, முனையைச் சுற்றிக்கொண்டு, ஹார்லெம் ஆறு, ஈஸ்ட் ரிவர் ஆகியவற்றின் கரை வழியே தெற்கே இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர வேண்டும். கடிகார முள் போகும் திசை என்பதால் நாள் முழுவதும் தீவு நமக்கு வலப்பக்கத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து பழகிய எனக்கு, ஊரை வலம் வருகிறோம் என்ற நினைவு முதல் மைலிலேயே வந்துவிட்டது. ஒன்றை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுச் சுற்று வரும்போது அதன் அளவு உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. வரைபடத்தில் எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் புரிதல் வராது.

முதல் பத்து மைல் மிக எளிது. 1998இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட ஹட்சன் ரிவர் பார்க், 59ஆம் தெரு வரை தடையின்றிச் செல்கிறது. 2021இல் திறக்கப்பட்ட ‘லிட்டில் ஐலண்ட்’ என்னும் செயற்கைத் தீவு, 132 கான்கிரீட் கிண்ணங்களின் மேல் ஆற்றில் நிற்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுக்க நிற்கிறார்கள். அதற்கு அருகிலேயே 54ஆம் துறையின் பழைய இரும்பு வளைவு மட்டும் தனியாக நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. டைட்டானிக் மூழ்கியபோது உயிர் பிழைத்தவர்களை ‘கார்பேத்தியா’ கப்பல் 1912இல் கரைசேர்த்தது இந்தத் துறையில்தான். அந்த வளைவில் கப்பல் நிறுவனத்தின் பெயரெழுத்துகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

137ஆம் தெருவுக்கு வந்தால் ரிவர்பேங்க் ஸ்டேட் பார்க். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கூரைமேல் அமைத்து 1993இல் திறந்த பூங்கா அது. அதைக் கடந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை நெருங்கும்போது, பாலத்தின் காலடியில் ஒரு சின்னஞ்சிறு சிவப்புக் கலங்கரை விளக்கம் தென்படும். 1921இல் இங்கே கொண்டுவந்து நிறுவினார்கள். 1931இல் பாலமும் அதன் விளக்குகளும் வந்தபின் அதற்கு வேலை குறைந்து, 1948இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. அதை விற்றுவிடவிருந்த சமயத்தில், அதைப் பற்றிய கதைப் புத்தகத்தைப் படித்த குழந்தைகள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதிக் காப்பாற்றினார்கள். அதன் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், மேலே பாலத்தின் இரும்புச் சட்டங்கள் வானத்தையே மறைத்துவிடும். வாகனங்களின் ஓசை மழை இரைச்சல்போல் கேட்கும், கீழே பாறைகளில் நீர் மோதும் சத்தம் தனியாகக் கேட்கும். இந்த நடையில் ஓரிடத்தில் மட்டும் கால் மணி நேரம் உட்காரலாம் என்றால் நான் இங்கேதான் உட்காருவேன்.

வடமுனையில் உள்ள இன்வுட் ஹில் பார்க் ஏறத்தாழப் பாதித் தூரம். மன்ஹாட்டனில் எஞ்சியிருக்கும் இயற்கையான காடும் உப்புநீர்ச் சதுப்பும் இங்கேதான் இருக்கின்றன. முதல்முறை நான் செய்த தவறு, அதற்கு முந்தைய வாரம் வாங்கிய புதுக் காலணியோடு வந்தது. இன்வுட்டில் காலுறையைக் கழற்றியபோது இடது குதிகாலில் எட்டணா அளவில் ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. நடந்தால் உடைந்துவிடும் என்று தெரிந்ததால் 207ஆம் தெரு நிலையத்தில் ஏ ரயில் ஏறித் திரும்பினேன். இரண்டாம் முறை மூன்று மாதம் போட்டுப் பழகிய காலணி, அதுவும் அரை அளவு பெரியது. அதோடு இரண்டு மாற்றுக் காலுறைகள். அதே பூங்காவின் இருக்கையில் உட்கார்ந்து, காலைத் துடைத்து, உலர்ந்த உறையைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த தயிர்சாதத்தையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் சாப்பிட்டபோது உடம்பு மீண்டும் புதிதாயிற்று. ஐந்து மணி நேரம் வியர்த்தபிறகு அந்த உப்பு செய்த வேலையை எந்த இனிப்புக் கட்டியும் செய்யவில்லை.

இங்கே ஒரு கேள்வியும் எழுகிறது. இது உண்மையிலேயே நகரின் சுற்றளவுதானா? 1898இல் ஐந்து பகுதிகள் இணைந்ததிலிருந்து நியூயார்க் நகரம் மன்ஹாட்டனைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் 1874 வரை நகரம் என்றால் பெரும்பாலும் இந்தத் தீவுதான். ஆகவே பழைய நகரத்தின் எல்லை என்று சொல்வது பொருந்தும். மார்பிள் ஹில் விஷயம் இன்னும் சுவையானது. 1895இல் கப்பல் கால்வாய் வெட்டியபோது தீவின் வடக்கு நுனி துண்டிக்கப்பட்டது. பிறகு பழைய ஆற்றுப்படுகையைத் தூர்த்துவிட்டதால் அது வடக்கே உள்ள பிராங்க்ஸ் பகுதியின் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. நிர்வாகத்தில் அது இன்றும் மன்ஹாட்டன், நடையில் சேர்வதில்லை. கால்வாய்க் கரையில் நின்று எதிர்ப்பக்கத்து வீடுகளைப் பார்க்கும்போது, எல்லை என்பது நீரைப் பொறுத்ததா, ஏட்டைப் பொறுத்ததா என்று உடன் நடந்தவர்களோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கிழக்குப் பாதிக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். டைக்மன் தெருவிலிருந்து 155ஆம் தெரு வரை ஹார்லெம் ஆற்றை ஒட்டிய பாதை நன்றாகவே இருக்கிறது. 1848இல் கட்டிமுடிக்கப்பட்ட, நகரின் மிகப் பழைய பாலமான ஹை பிரிட்ஜின் அடியில் நடக்கிறோம். அதன்பின் 125ஆம் தெருவை நெருங்கும்வரை நம்மை ஹார்லெமின் தெருக்களுக்குள் இறக்கிவிடுகிறது பாதை. ஐக்கிய நாடுகள் சபை வளாகத்தருகிலும் கரை அடைபட்டிருப்பதால் உள்தெருக்களில் நடக்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து மைலுக்கு மேல் நடந்து களைத்த நிலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்பது சோர்வைத் தருகிறது. அந்தப் பகுதியில் ஒரு காப்பிக் கடையில் காப்பி வாங்கிய பின்னும் கழிப்பறை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதில் அமைப்பாளர்களின் குற்றம் எதுவும் இல்லை. கரையை மோட்டார் வாகனங்களுக்கு ஒதுக்கிக்கொடுத்த பழைய முடிவுகளின் விளைவை நம் கால்கள் அனுபவிக்கின்றன. 53ஆம் தெருவுக்கும் 60ஆம் தெருவுக்கும் இடையே 2023இன் இறுதியில் திறக்கப்பட்ட நீரோரப் பாதை, இந்த இடைவெளிகள் மூடக்கூடியவைதான் என்பதற்குச் சான்று. 2012இல் சாண்டி புயல் வெள்ளத்தைக் கொண்டுவந்த பிறகு, ஈஸ்ட் ரிவர் பார்க்கின் தரைமட்டத்தை உயர்த்தும் பணிகள் நடப்பதால் தென்கிழக்கிலும் மாற்றுவழிகள் இருக்கலாம். நீங்கள் நடக்கும் ஆண்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. 23ஆம் தெருவுக்குச் சற்று வடக்கே வாட்டர்சைட் குடியிருப்பில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குச் சரக்கு கொண்டுசென்ற கப்பல்கள், வெறுமையாகத் திரும்பும்போது நிலைதடுமாறாமல் இருக்கப் பாரமாக, குண்டுவீச்சில் இடிந்த பிரிஸ்டல் நகரத்து வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் ஏற்றிவந்தன. அந்த இடிபாடுகளைக் கொட்டித்தான் இங்கே கரையை நிரப்பிச் சாலை போட்டார்கள். யாரோ ஒருவருடைய அடுப்படிச் சுவரும் வாசற்படியும் என் காலுக்கடியில் இருக்கின்றன என்பதைப் படித்தபோது, சேர்ந்து நடந்த நாங்கள் ஐந்தாறு பேரும் சிறிதுநேரம் பேசவில்லை.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை எனக்கு நிறைவே. சிக்கலான திருப்பங்களில் வழிசொல்லத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். எல்லோரும் முன்பு நடந்தவர்கள் என்பதால், “இன்னும் கொஞ்சதூரம்தான்” என்று பொய் சொல்லாமல் சரியான மைல் கணக்கைச் சொன்னார்கள். கூட்டமாகத் தொடங்கினாலும் பத்து மைலுக்குள் அவரவர் நடைக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரிந்துவிடுகிறோம். நான் ஓய்வுநேரங்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை மணி நேரத்தில் முடித்தேன். மே மாதத் தொடக்கத்தில் இருட்ட எட்டு மணி ஆகும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கலாம்.

தவறாமல் வாரத்துக்கு மூன்று நாள் நடப்பவர், முன்பே ஓரிரு முறை 25 கிலோமீட்டர் நடந்து பார்த்திருந்தால் தாராளமாக வரலாம். முழங்கால் வலி உள்ளவர்களும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அழைத்துவருபவர்களும் இன்வுட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழகான பாதியைப் பார்த்துவிட்ட நிறைவோடு ரயில் ஏறலாம். ஆனால் முடிந்தால் முழுவதும் நடங்கள் என்றே சொல்வேன். கடைசி மணி நேரத்தில் வில்லியம்ஸ்பர்க், மன்ஹாட்டன், புரூக்ளின் என்று மூன்று பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குமேல் வருகின்றன. ஈஸ்ட் ரிவர் பெயரில்தான் ஆறு. இரு பக்கமும் கடலோடு சேரும் நீரிணை என்பதால் ஓதத்துக்கேற்ப அதன் ஓட்டம் திசை மாறும். நான் புரூக்ளின் பாலத்தின் அடியில் வந்தபோது நீர் வடக்கு நோக்கி, நாங்கள் வந்த வழியே ஏறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பேர்ல் தெருவுக்கு ஒரு மைல்கூட இல்லை.