வெளிநாட்டில் அப்பா, மட்டக்களப்பில் பிள்ளை: தாபரிப்புக் காசுக்கு எந்த வழி?

வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் பிள்ளைக்குக் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டால், எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது, “கோட்டில தாபரிப்பு வழக்குப் போடு” என்பதுதான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் போடலாம். காத்தான்குடி, கல்முனை முஸ்லிம் தாய்மாருக்குக் காழி நீதிமன்றம். காசு கட்டாத தகப்பனை மறியலுக்கும் அனுப்பலாம். சரி, ஆள் சூரிச்சில் இருந்தால்? அவர் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்திறங்கும்வரை பிடியாணை வழக்குக் கோவைக்குள்ளேயே கிடக்கும்.

கட்டார், சவூதிக்காரர் கதை வேறு. அங்கே குடியுரிமை கிடைக்காது, ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு வந்தாக வேண்டும். அவர்களுக்கு உள்ளூர் வழக்குத்தான் சூடு.

ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்றால் வெளிநாட்டில் இருப்பவரிடம் தாபரிப்புப் பெறுவதற்கான 1956ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையையே நான் சொல்வேன். இலங்கை 1958இலேயே சேர்ந்துவிட்டது. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியாவும் அதில் உண்டு. விண்ணப்பம் இங்கிருந்து அரச வழியாகப் போகும்; அந்த நாட்டு நிறுவனம் தாய்க்காக அங்கேயே வழக்கை நடத்தும், அதற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. கையில் நீதிமன்றக் கட்டளை இல்லாமலும் தொடங்கலாம். ஆனால் விவரம் வேண்டும்: தெரிந்த அளவில் அவருடைய கடைசி ஐந்து வருட முகவரிகள், பிறந்த திகதி, தொழில், இருந்தால் ஒரு படம், தேவைப்பட்டால் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட எழுதிக்கொடுக்கும் அதிகாரம்). பலர் இடறுவது முகவரியில்தான். வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தால் யார் போய்க் கதவைத் தட்டுவது? மாமி, மச்சாள்மாரிடம் பகைக்க முன்னர் முகவரியை வாங்கி வையுங்கள்.

லண்டனுக்கு, தாபரிப்புக் கட்டளைகளை அங்கே நிறைவேற்றுவிக்க வெள்ளைக்காரன் காலத்து 1921ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் உண்டு. இங்குள்ள நீதிமன்றம் தற்காலிகக் கட்டளை போட, அங்குள்ள நீதிமன்றம் அவரை விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும். அவர் எதிர்த்தால் சாட்சியத்துக்காகக் கோவை திரும்ப இங்கே வரலாம். பொறுமை உள்ளவர்களுக்கு.

கனடா 1956 உடன்படிக்கையில் இல்லை. தாபரிப்புப் பற்றிய 2007ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இல்லை. ஆகவே ரொறன்ரோக்காரருக்கு அங்கேயே ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பதுதான் நேரான வழி, செலவும் அதற்கேற்றபடி.

எந்த வழி போனாலும், வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் வரும் உண்டியல் காசு தலையிடி தரும். “நான் மாதாமாதம் அனுப்புறன்” என்று அவர் அங்கே சொன்னால், இல்லை என்று காட்ட உங்களிடம் துண்டு ஒன்றும் இருக்காது. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, அதற்கே அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள்.